சந்தேகப்படும் உரிமை

1

இந்தப் பக்கங்களில் அகதா கிறிஸ்டியைப் பற்றி ஒரு கட்டுரை வருவது நண்பர்கள் சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்று எட்மண்ட் வில்சன் 1945ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் கேட்டதோடு இவ்வகை எழுத்தின் மீதான வழக்கு முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷங்களும் எனக்கும் அதே எண்ணம்தான். மேஜைமேல் எலியட்டும் தலையணைக்கடியில் கிறிஸ்டியும் இருந்தார்கள். எலியட்டைப் பற்றிப் பேசியே நண்பர்களைச் சம்பாதித்தேன். கிறிஸ்டியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஒளித்துவைத்துப் படிக்கும் புத்தகம் ஒருவனைப் பற்றி அதிகம் சொல்லிவிடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

இப்போது வெளிப்படையாகப் பேசக் காரணம் உண்டு. கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதைகளில் நம்மைப் போன்ற ஒருவர் வருகிறார். ரேமண்ட் வெஸ்ட் என்று பெயர், கிழவிக்கு மருமகன் முறை. நாவலாசிரியர், கவிஞர், நவீனர். பெரிய எழுத்துகளைக் கவிதையிலிருந்து விரட்டியதுதான் அவருடைய நவீனத்துவம் என்ற தொனியில் 1930ல் வந்த 'தி மர்டர் அட் தி விகரேஜ்' நாவலின் பாதிரியார் அவரைக் கேலி செய்கிறார். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் இல்லாததால் நாம் நிறுத்தற்குறிகளைத் துறந்தோம். மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை. அந்த ரேமண்ட், அத்தை வாழும் செயின்ட் மேரி மீட் கிராமத்தைத் தேங்கிய குட்டைக்கு ஒப்பிடுகிறார். கிழவி பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல், உவமை சரியில்லையே அப்பா, குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்நோக்காடியில் வைத்துப் பார், அவ்வளவு உயிர் வேறெங்கும் இருக்காது என்ற பொருள்படப் பதில் சொல்கிறாள். நம் காலத்து விமர்சனத்தில் ஒரு படிமம் இவ்வளவு சுருக்கமாக நிராகரிக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

நான் எழுத வந்தது கிறிஸ்டியின் இலக்கியத் தகுதி பற்றி அல்ல. அது எனக்குத் தெரிந்த அளவில் சாதாரணமானது. மனிதர்களைவிட அட்டவணைகளில்தான் அவருக்கு அக்கறை அதிகம். என்னை அலைக்கழிப்பது வேறொரு கேள்வி. ஒருவரைச் சந்தேகிக்க இன்னொருவருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அந்தச் சந்தேகத்தைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம்? இந்தக் கேள்வியைத் தாஸ்தாவ்ஸ்கி வழியாகக் கேட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். எனக்கு அது இந்தக் கிழவி வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

2

மிஸ் மார்ப்பிள் முதலில் தோன்றியது 1927 டிசம்பரில், 'ராயல் மேகஸின்' வெளியிட்ட ஒரு சிறுகதையில். செவ்வாய்க்கிழமை இரவுகளில் கூடி ஆளுக்கொரு புதிர் சொல்வதென்று சிலர் முடிவு செய்கிறார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஸ்காட்லண்ட் யார்டின் முன்னாள் தலைவர், எழுத்தாளர் ரேமண்ட், ஒரு பெண் ஓவியர். ஓவியர் எண்ணிப் பார்த்து, ஐந்து பேர்தான் இருக்கிறோம், ஆறு பேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். என்னை விட்டுவிட்டாயே அம்மா என்கிறாள் மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரி. அவள் வீட்டில், அவள் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டுதான் அவளை எண்ணாமல் விடுகிறார்கள். பிறகு வந்த பன்னிரண்டு நாவல்களும் மற்றச் சிறுகதைகளும் இந்த எண்ணிக்கைப் பிழையைத் திரும்பத் திரும்பத் திருத்தும் முயற்சிகள் என்று சொல்லிவிடலாம்.

நகைச்சுவை இங்கேதான் பிறக்கிறது. கிழவி பேச ஆரம்பித்ததும் மீன்காரரின் பையனைப் பற்றியோ, காணாமற்போன ஊறுகாய் இறாலைப் பற்றியோ இழுக்கிறாள். கூட்டம் பொறுமையிழக்கிறது. வாசகனும் இழக்கிறான். பத்துப் பக்கம் கழித்து அவள் சொன்னதுதான் விடை என்று தெரியும்போது சிரிப்பு நம் பக்கம் திரும்புகிறது. அந்த முதல் கதையிலேயே, மை ஒற்றும் தாளில் பதிந்திருக்கும் சில சொற்களைப் பெருந்தொகையைக் குறிப்பதாக ஆண்கள் படிக்கிறார்கள். ஆயிரங்கள், நூறுகள். அது பலகாரத்தின் மேல் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளின் பெயர் என்பது சமையலறையில் நின்று பழகியவளுக்குத்தான் தெரிகிறது. விஷம் அதில்தான் இருந்தது. யார்டின் முன்னாள் தலைவருக்கு எட்டாத அறிவு ஒரு மளிகைச் சாமான் சார்ந்த அறிவு.

இது கிறிஸ்டி கண்டுபிடித்த உத்தி அல்ல. அன்னா கேத்தரின் கிரீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1897லேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற மணமாகாத சீமாட்டியை உருவாக்கிவிட்டார். பக்கத்து வீட்டு வாசலில் நள்ளிரவில் வண்டி நிற்கும் சப்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடிவரும் அந்த அம்மாள், தனக்கு வம்புக் குணமே கிடையாது என்று வாசகனிடம் சாதிப்பாள். டாரதி ஸேயர்ஸ் 1927ல் எழுதிய 'அன்நேச்சுரல் டெத்'தில் மிஸ் கிளிம்ப்ஸன் வருகிறார். இப்பெண்களின் விசாரிக்கும் ஆற்றலைத் தேசம் வீணடிக்கிறது என்று அந்நாவலின் துப்பறியும் பிரபு நினைக்கிறார். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1921ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். பத்திரிகைகள் அவர்களை 'உபரிப் பெண்கள்' என்றன. உபரி என்பது கணக்கில் மிஞ்சுவது, ஐந்தெண்ணி ஆறாவதை விடுவது. மார்ப்பிள் அந்தப் போர்த் தலைமுறைக்கு மூத்தவள் என்றாலும் அவளைப் படித்துச் சிரித்த சமூகம் அந்தச் சொல்லைப் புழங்கிக்கொண்டிருந்த சமூகம்தான்.

கிறிஸ்டி தன் சுயசரிதையில் மார்ப்பிளின் மூலங்களைச் சொல்லியிருக்கிறார். 1926ல் எழுதிய ஆக்ராய்ட் நாவலில் வரும் டாக்டரின் சகோதரி கரோலின், ஊர் வம்பையெல்லாம் வீட்டிலிருந்தபடியே அறிந்துவிடும் பெண், ஒரு மூலம். இன்னொன்று, ஆசிரியரின் பாட்டி. மிக அன்பான கிழவி. ஆனால் எவரிடமும் எதிலும் மோசமானதையே எதிர்பார்ப்பாள், பெரும்பாலும் அது பலித்தும் விடும். இந்தப் பாட்டியிடத்தில்தான் என் கேள்வி தொடங்குகிறது. எல்லோரைப் பற்றியும் மோசமாக நினைப்பதும் அன்பாக இருப்பதும் ஒரே மனதில் எப்படிக் குடியிருக்கின்றன? பலித்துவிடுவது அதை நியாயமாக்கிவிடுமா?

3

மார்ப்பிளின் முறை எளிமையானது. புதிதாக ஒருவரைப் பார்த்ததும் அவர் தன் கிராமத்தில் யாரை நினைவூட்டுகிறார் என்று பார்க்கிறாள். இந்தக் கனவான் மருந்துக்கடை உதவியாளனைப் போல. இந்தப் பெண் முன்பு வேலைக்கிருந்த இன்னாளைப் போல. மனித சுபாவம் எங்கும் ஒன்றே, கிராமத்தில் அதைக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது, அவ்வளவுதான் என்பது அவள் சித்தாந்தம். ஹோம்ஸ் சிகரெட் சாம்பலைப் பார்க்கிறார். அவர் முறைக்கு விஞ்ஞானத்தின் தோரணை உண்டு. நம் தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு முறையே கிடையாது. அசட்டு வங்கிக் குமாஸ்தாவான அவருக்கு அதிர்ஷ்டம் மட்டும்தான். (என் உத்தியோகம் தெரிந்த நண்பர்கள் சாம்புவை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.) சாம்புவின் சிரிப்பு யாரையும் காயப்படுத்தாது. தவறான இடத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே திருடன் இருப்பான். மார்ப்பிளின் விஷயம் அப்படியல்ல. அவள் ஒரு அறிவைக் கோருகிறாள்: உன்னைப் போன்றவர்களை எனக்குத் தெரியும், ஆகவே உன்னைத் தெரியும் என்கிறாள்.

இந்த வாக்கியத்தை வேறொருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். காவல் நிலையத்தில், நீதிமன்றத்தில், ஜாதிப் பெயரைக் கேட்டுவிட்டு வீட்டு வாடகை பேசுகிறவர் வாயில் இதே வாக்கியம்தான் இருக்கிறது. கிழவி சொல்லும்போது மட்டும் ஏன் இனிக்கிறது? ஏனென்றால் அவள் சொல்வது சரியாக இருக்கும்படி ஆசிரியர் ஏற்பாடு செய்துவிட்டார். குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டு அவனுக்குப் பொருத்தமான கிராமத்து முன்மாதிரியைப் பிறகு தேடி எடுக்கும் சௌகரியம் புத்தகத்துக்கு உண்டு. பொருந்தாத முன்மாதிரிகள் அச்சேறுவதில்லை.

அச்சுக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1950 மார்ச்சில் லண்டனில் திமத்தி எவன்ஸ் என்ற இளைஞர் தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டார். எழுத்து வாசனை குறைந்தவர், குடிப்பவர், பொய் பேசுபவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். அவருக்கு எதிராக வந்த முக்கிய சாட்சி அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர். யுத்த காலத்தில் போலீஸ் பணியிலிருந்தவர், மென்மையான குரல், மரியாதையான தோற்றம். மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டில் பல பெண்களின் சடலங்கள் கிடைத்தன. கொன்றவர் அந்தச் சாட்சி. 1953ல் அவரும் தூக்கிலிடப்பட்டார். 1966ல் எவன்ஸுக்கு மரணத்துக்குப் பின் மன்னிப்பு வழங்கப்பட்டது. இது ரிலிங்டன் பிளேஸ் வழக்கு. ஜூரிகள் இரண்டு மனிதர்களைப் பார்த்தார்கள். இவன் இன்ன மாதிரி, இவர் இன்ன மாதிரி என்று இரண்டு முன்மாதிரிகளை நினைத்துக்கொண்டார்கள். செயின்ட் மேரி மீட் முறைதான். அந்தச் சாட்சியின் பெயர் ஜான் கிறிஸ்டி. பெயரொற்றுமைக்கு அர்த்தம் ஏதுமில்லை. ஆனாலும் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம்.

1957ல் இங்கிலாந்து தூக்குத் தண்டனையைச் சில வகைக் கொலைகளுக்கு மட்டும் என்று குறுக்கிற்று. 1965ல் கொலைக்கான மரண தண்டனை நிறுத்தப்பட்டது. 1969ல் அது நிரந்தரமாயிற்று. 1957லேயே வெளிவந்த '4.50 ஃப்ரம் பாடிங்டன்' முடிவில் மிஸ் மார்ப்பிள், தூக்கை ஒழித்துவிட்டார்களே, இந்த ஆளுக்காகவாவது அது இருந்திருக்கலாம் என்று வருந்துகிறாள். வெள்ளைச் சிகை, நீலக் கண்கள், மடியில் பின்னல். வாசகன் இதற்கும் சிரிக்கிறான். நானும் சிரித்திருக்கிறேன். ஆடன் 1948ல் எழுதிய கட்டுரையில், துப்பறியும் கதையின் வாசகன் குற்றவுணர்வால் அவதிப்படுகிறவன், குற்றம் இன்னொருவன் தலையில் முழுவதுமாக இறங்குவதைப் பார்த்துத் தன் நிரபராதத்தைத் திரும்பப் பெறுகிறான் என்றார். கிழவி வருந்தும்போது வரும் சிரிப்பில் அந்த நிம்மதிதான் இருக்கிறது. தூக்குமேடையை ஒரு பாட்டியின் மடிக்குள் வைத்துப் பார்க்கிறோம்.

4

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் கிறிஸ்டிக்கு அநியாயம் செய்தவனாவேன். அவருடைய நல்ல நாவல்களில் முன்மாதிரி முறையைக் குலைக்கும் ஏதோ ஒன்றும் இருக்கிறது. 1942ல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் ஒரு பெரிய வீட்டுப் புத்தக அறையில் சாயம் போட்ட பொன்முடியும் மலிவான மினுமினுப்பு உடையுமாக ஒரு பெண் பிணம். ஹோட்டலில் நடனமாடுகிற பெண் என்று பார்த்தவுடன் முடிவு செய்கிறார்கள். 'அந்த மாதிரி'ப் பெண். உண்மையில் அது அந்த நடனக்காரி அல்ல. கொலைகாரர்கள் வேஷம் போட்டு அங்கே கிடத்திய ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. மார்ப்பிளின் கண்ணில் பட்டது கடிக்கப்பட்ட நகங்கள். உடையும் முடியும் ஒரு வகையைச் சொல்கின்றன, நகம் ஒரு ஆளைச் சொல்கிறது. வகையைக் காட்டினால் ஆளைப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் கொலைகாரர்களின் நம்பிக்கையே.

இன்னொரு நாவல் எனக்கு இதைவிட முக்கியம். 1953ல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை'. மூன்று கொலைகள். பணக்காரர் ஒருவர், அவருடைய இளம் மனைவி, வீட்டு வேலைக்காரப் பெண் கிளாடிஸ். கதையின் போலீஸுக்கும் வாரிசுகளுக்கும் முக்கியமானவை முதல் இரண்டும். துணி உலர்த்தப் போன இடத்தில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கும் கிளாடிஸின் மூக்கில் துணிக் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் கொலைகாரன், குழந்தைப் பாட்டு ஒன்றோடு பொருந்தவேண்டும் என்பதற்காக. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டுத்தான் மிஸ் மார்ப்பிள் ரயிலேறி வருகிறாள். யாரும் அழைக்கவில்லை. அநாதை விடுதியிலிருந்து வந்த கிளாடிஸுக்குப் பரிமாறவும் பாத்திரம் துலக்கவும் கற்றுக்கொடுத்தவள் அவள். கொன்றதுகூட இருக்கட்டும், கொன்றபின் மூக்கில் அதை மாட்டியது ஒரு மனித ஜீவனை அவமதிப்பது என்று அவளுக்குக் கோபம்.

கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த வகை நாவல்களில் எண்ணப்படாமல் விடப்படுவது கிழவி மட்டுமல்ல. கிழவியை எண்ணிக்கையில் சேர்க்க ஆசிரியர் பாடுபடுகிறார். ஆனால் வேலைக்காரப் பெண்கள் ஏறக்குறைய எல்லா நாவல்களிலும் கேலிப் பொருள்கள்: மூக்கடைப்புக் குரல், பிதுங்கிய கண், சினிமாப் பைத்தியம், எதையும் நம்பும் அசட்டுத்தனம். மார்ப்பிள் மேல் விழுந்துகொண்டிருந்த சிரிப்பு விலகியதும் அது காணாமற்போய்விடுவதில்லை, ஒரு படி கீழே இறங்கி அவர்கள்மேல் விழுகிறது. சிரிப்புக்கு எப்போதும் ஒரு கீழ்ப்படி தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கிளாடிஸும் இந்த வார்ப்பில்தான் வருகிறாள். ஆசிரியரே அவளைக் கேலி செய்கிறார். அந்த மூக்குக் கிளிப் ஒருவகையில் ஆசிரியர் மாட்டியதும்தான். அதை எடுத்துவிடக் கிழவியை அனுப்பியவரும் அவரே.

நாவலின் கடைசிப் பக்கத்தில் மிஸ் மார்ப்பிள் வீடு திரும்புகிறாள். கிளாடிஸ் இறப்பதற்கு முன் எழுதி, தாமதமாக வந்து சேர்ந்த கடிதம் ஒன்று காத்திருக்கிறது. தன்னை நேசிப்பதாக நம்பிய ஆணின் புகைப்படத்தையும் அந்தப் பெண் அதில் வைத்திருக்கிறாள். கொலைகாரனின் முகம் அது. வழக்குக்கு வேண்டியிருந்த சாட்சியம். கிழவியின் கண்ணில் நீர் துளிர்க்கிறது. அடுத்து கோபம். அதற்கடுத்து இரண்டையும் தள்ளிக்கொண்டு வெற்றிக் களிப்பு: ஒரு தாடை எலும்புத் துண்டையும் இரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு அழிந்துபோன மிருகத்தை உருவாக்கிக் காட்டிய நிபுணனின் களிப்பு. நாவல் அங்கே முடிகிறது.

இரக்கம், கோபம், களிப்பு என்ற இந்த வரிசையைப் பற்றிப் பல வருஷங்களாக யோசித்துவருகிறேன். முதலில் இது ஆசிரியரின் கவனக்குறைவு என்று நினைத்தேன். இப்போது இது கிறிஸ்டி எழுதியவற்றிலேயே மிக நேர்மையான பத்தி என்று படுகிறது. களிப்பு வரத்தான் செய்யும். அறிவுக்கு அப்படி ஒரு கொடூரமான சந்தோஷம் உண்டு. ஆனால் அவளுக்கு அது மூன்றாவதாக வருகிறது. அது எத்தனையாவதாக வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

5

நான் வேலை பார்க்கும் கிளையில் ஓய்வூதியக்காரர்கள் அதிகம். நவம்பர் மாதம் அவர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று தரவேண்டும். இப்போது விரல் ரேகை வைத்து இயந்திரத்திலேயே பதிவு செய்யலாம். தேய்ந்த ரேகைகளை இயந்திரம் ஏற்பதில்லை என்பதால் பழைய படிவமும் இருக்கிறது. கிறிஸ்டியின் உலகத்தில் ஒருவர் செத்துவிட்டார் என்பது முதல் பக்கத்திலேயே நிச்சயமாகிவிடுகிறது. என் கவுண்டரில் எண்பது வயதுக் கிழவி எதிரே நின்று என்னோடு பேசிக்கொண்டே தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். 1950ல் வந்த 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்'டில் மிஸ் மார்ப்பிள், முன்பெல்லாம் யார் யாரென்று ஊருக்குத் தெரியும், இப்போது வருகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் நம்பவேண்டியிருக்கிறது என்று ஆதங்கப்படுவாள். எங்கள் உத்தியோகம் அந்த ஆதங்கத்தின்மேல் கட்டப்பட்டது.

கணவர் வழிக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஆச்சி ஒருவர் மாதாமாதம் வருவார். கூடவே வீட்டோடு இருந்து அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண். இருபது வயதிருக்கும். ஒரு மாதம் அந்தப் பெண் தனியாக வந்தாள். கையில் பாஸ்புக், பணமெடுக்கும் சீட்டு, சீட்டில் மை கலங்கிய பெருவிரல் ரேகை. ஆச்சி எப்போதும் கையெழுத்துத்தான் போடுவார்.

"ஆச்சிக்கு முடியல சார். பெரியாஸ்பத்திரில கெடக்காவ. கை தூக்க மாட்டேங்குது. நீங்க யாராச்சும் வந்து பாத்து ரேகை வாங்கிக்கிட்டா போதும்னு சொன்னாவ."

நான் அவளைப் பார்த்தேன். மார்ப்பிள் பார்ப்பதுபோலப் பார்த்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டதாகவே ஞாபகம். முன்பிருந்த ஊரில் வீட்டு வேலைக்காரி ஒருத்தி இதேபோல ஒரு ரேகையோடு வந்து பிடிபட்டது நினைவுக்கு வந்தது. முன்மாதிரி கிடைத்துவிட்டது. அவள் காதுகளைப் பார்த்தேன். சென்ற மாதம் தோடு இருந்தது. இப்போது துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். பணமுடை, ஆகவே காரணம். எல்லாம் பொருந்தி வந்தது. அந்தப் பொருத்தத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் என்னால் துல்லியமாக நினைவுகூர முடிகிறது. சத்தமாகவே கேள்விகள் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆச்சியே வரட்டும், இல்லையென்றால் சொந்தக்காரர் யாராவது வரட்டும் என்று பாஸ்புக்கைத் திருப்பித் தள்ளினேன். பின்னால் நின்ற ஒருவர் ஏதோ சொல்ல இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

இத்தகைய சந்தர்ப்பத்துக்கு விதி இருக்கிறது. வர இயலாத ஓய்வூதியக்காரரின் ரேகையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெறலாம்; சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அந்தப் பெண் கேட்டது சுற்றறிக்கையில் உள்ளதைத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதிகாரியிடம் நான் சொல்லவில்லை. எனக்குத்தான் விடை கிடைத்துவிட்டதே.

நான்காம் நாள் அவள் நேரே அதிகாரியின் மேஜைக்குப் போய் நின்றாள். அவர் அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். ஆச்சி பொதுப் படுக்கை அறையில், பேச்சுக் குழறி, ஆனால் நினைவோடு இருந்தாராம். ஸ்கேனுக்கும் மருந்துக்கும் அந்தப் பெண்தான் முதல் நாளே தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள். அதிகாரி என்னிடம் கோபிக்கவில்லை. ரேகை வைத்த தாளைப் பதிவு செய்யக் கொடுத்துவிட்டு, "அந்தப் பிள்ள காதுல குச்சியோட நிக்கு" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்த அதே குச்சி.

கடித்த நகத்தைப் பார்த்தால் போதும், ஆள் தெரிந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். போதாது. நானும் நகத்தைத்தான் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே மனதில் இருந்த வகை, நான் பார்த்ததையும் தனக்குச் சாட்சியாக்கிக்கொண்டுவிட்டது. வேப்பங்குச்சி திருட்டுக்குக் காரணமாகவும் ஆகும், தியாகத்தின் தடயமாகவும் ஆகும். அது இரண்டில் எது என்று குச்சி சொல்லாது. ஆஸ்பத்திரிவரை போய்ப் பார்க்கவேண்டும்.

6

மிஸ் மார்ப்பிளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் கூர்மையில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கிளாடிஸை அவள் ஒரு வகையாகத்தான் அறிந்திருந்தாள்: எதையும் நம்புகிற அசடு. ஆனால் அந்த அசட்டுக்குப் பாத்திரம் துலக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் ஏதோ பாக்கி இருப்பதாக உணர்ந்தாள், முட்டுவலியோடு ரயிலேறினாள். பின்னால் வந்த சந்தேகங்கள் எல்லாம் அந்தக் கடனிலிருந்து கிளம்பியவை. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் இடையில் அப்படி எதுவும் இருக்கவில்லை. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மாதாமாதம் ஆச்சியின் பெயரைத்தான் கூப்பிட்டேன், அவள் எழுந்து வருவாள். சந்தேகப்பட்டால் நான் எழுந்து எங்கும் போகவேண்டியதில்லை. அவள்தான் அலையவேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து படும் சந்தேகம் எவ்வளவு சரியானாலும் அதற்கு உரிமை கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரைச் சந்தேகிக்கிறவன் அந்தச் சந்தேகத்துக்கான செலவில் ஒரு பங்கையாவது ஏற்கவேண்டும்.

அப்படியானால் நீதிமன்றமும் போலீஸும் எந்தக் கடனின் பேரில் சந்தேகிக்கின்றன என்று கேட்கலாம். அவற்றுக்குக் கடன் கிடையாது, ஆகவேதான் விதிகள். சாட்சி இரண்டு பேர் வேண்டும், அதிகாரி நேரில் போகவேண்டும் என்று எழுதிய முகம் தெரியாத அலுவலர், போகாமலேயே முடிவு செய்துவிடக்கூடிய என்னைப் போன்ற ஒருவனை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். மிஸ் மார்ப்பிளின் கூட்டத்தைச் சேர்ந்தவர், மனிதர்களிடம் மோசமானதை எதிர்பார்ப்பவர். ஆனால் அவருடைய சந்தேகம் என் மேல், கவுண்டருக்கு உள்ளே இருப்பவன் மேல். விதிமுறை எழுத்தைக் கவிதைக்கு எதிர்ப்பதமாகவே நாம் பேசிவந்திருக்கிறோம். அன்று அந்தச் சுற்றறிக்கையில் என்னிடம் இருந்ததைவிட அதிகமான தார்மீகக் கற்பனை இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் ஒரு விமர்சகனுக்குச் சிரமம் இருக்கத்தான் செய்கிறது.

சிரிப்பைப் பற்றித் தொடங்கியதை முடிக்கவேண்டும். கிழவித் துப்பறிவாளர்கள் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். 2020ல் ரிச்சர்ட் ஆஸ்மனின் நாவலில் முதியோர் குடியிருப்பில் வாரந்தோறும் கூடிக் கொலைகளை ஆராய்கிறார்கள், சிரித்துக்கொண்டே படித்தேன். சாவின் பக்கத்தில் சிரிப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. இழவு வீட்டில் சிரிக்கத் தெரியாத ஊரும் உண்டா? அந்தச் சிரிப்பு யார்மேல் போய் இறங்குகிறது என்று மட்டும் இப்போது பார்க்கிறேன். வரிசையில் அன்று இரண்டு பேர் சிரித்தார்கள் என்று எழுதினேன். மூன்று என்று எழுதியிருக்க வேண்டும்.

ஆச்சி தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெண் சீட்டை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கவுண்டர் வரிசையில் நிற்கிறாள்; என்னிடம் ஆளில்லாவிட்டாலும் அங்கேதான் நிற்கிறாள். ஒருமுறை எழுந்து போய் அவள் பெயரைக் கேட்டேன். எதற்கு சார் என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. தோடு திரும்ப வந்துவிட்டதா என்று பார்த்தேன். தலையில் துண்டு போட்டிருந்தாள், தெரியவில்லை.